ஒரு நாளுக்கு ஒரு மாளிகை: இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளையும் தோட்டங்களையும் முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு நாங்கள் குடிவந்த முதல் கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். எல்லாவற்றையும் அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், ஒரே சனிக்கிழமையில் மூன்று பழைய மாளிகைகளைப் பார்ப்பதாகத் திட்டமிட்டுக் காலை எட்டு மணிக்கே காரில் கிளம்பினோம். முதல் இடத்தில் அறைகளை வேகவேகமாகக் கடந்தோம். இரண்டாவது இடத்தில் தோட்டத்துக்குள் கால் வைக்கவே நேரமில்லை. மூன்றாவது மாளிகையின் வாசலை அடைந்தபோது மணி நாலே கால். உள்ளே விடுவது நான்கு மணியோடு நின்றுபோயிருந்தது. திரும்பும் வழியில் அம்மா, "அந்த ரெண்டாவது இடத்துல ஒரு பெரிய மரத்தடியில பெஞ்சு போட்டிருந்தாங்களே, அங்க கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் நாங்கள் கடைப்பிடித்துவரும் விதி ஒன்றே: ஒரு நாளுக்கு ஒரு மாளிகை. கீழே சொல்லப்போகும் யோசனைகள் பெரும்பாலும் அந்த விதியிலிருந்து கிளைத்தவை.

எதைப் பார்க்கப் போகிறோம்

பெயரில் ஹவுஸ், ஹால், பார்க் என்று எது ஒட்டியிருந்தாலும் அதைக் கொண்டு இடத்தின் அளவைக் கணிக்க முடியாது. சாட்ஸ்வொர்த் ஹவுஸ், கெடில்ஸ்டன் ஹால், பேசில்டன் பார்க் ஆகிய மூன்றுமே பெருமாளிகைகள்தான். பல நூறு, பல ஆயிரம் ஏக்கர் நிலத்தின் குத்தகை வருமானத்தில் வாழ்ந்த குடும்பங்கள் கட்டியவை இவை. நடுவில் மாளிகை, அதை ஒட்டி அளந்து போட்ட பூந்தோட்டம், அதற்கு அப்பால் மான்களும் மாடுகளும் மேயும் பரந்த புல்வெளி, அதற்கும் அப்பால் காடும் கழனியும் என்று எல்லாம் சேர்ந்து ஒரே கற்பனையில் உருவானவை. ஆகவே மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் நுழையாமல் வருவதைப் போன்றதாகும்.

இயற்கையாகத் தோன்றும் அந்தப் புல்வெளியும் ஏரியும் பெரும்பாலும் மனிதர் வெட்டிச் சமைத்தவை. கேபபிலிட்டி பிரவுன் என்று அழைக்கப்பட்ட தோட்டக் கலைஞர் லான்சலாட் பிரவுன் 18ஆம் நூற்றாண்டில் பெட்வொர்த், பிளெனிம் முதலிய பல இடங்களில் ஓடைகளைத் தடுத்து ஏரியாக்கினார். மரங்களைக் கொத்துக் கொத்தாக நட்டு, பார்வை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்று தீர்மானித்தார். மாளிகை ஜன்னலில் நின்று பார்த்தால் புல்தரை தடையில்லாமல் அடிவானம் வரை ஓடுவதைப் போலவும், தொலைவில் மேயும் மாடுகள் நினைத்தால் வாசல்வரை வந்துவிடலாம் என்பதைப் போலவும் இருக்கும். நேராக நடந்து போய்ப் பாருங்கள். பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் தரை சட்டென்று முடிவது தெரியும். மாளிகைப் பக்கம் செங்குத்தான கல்சுவரும் மறுபக்கம் சரிவான புல்லுமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். வேலி கண்ணில் படாமலே கால்நடைகளைத் தடுக்கும் இந்த அமைப்புக்கு ஹா-ஹா என்று பெயர். ஓடி விளையாடும் குழந்தைகளைக் கூட்டிச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்தச் சுவர் ஓர் ஆள் உயரம்கூட இருக்கும்.

இவ்வளவு பெரிய சொத்தை ஏன் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள் என்ற கேள்வி இயல்பாக எழும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளைபொருள் விலை வீழ்ந்து குத்தகை வருமானம் சுருங்கியது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் விதிக்கும் மரணவரி 1894இல் புதிய வடிவில் வந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் ஏறிக்கொண்டே போனது. முதல் உலகப் போரில் பல குடும்பங்கள் வாரிசை இழந்தன. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பல அறக்கட்டளைகளின் கைக்கு வந்தன. சிலவற்றில் பழைய குடும்பங்களே இன்றும் வாழ்ந்துகொண்டு, பராமரிப்புச் செலவுக்காகப் பொதுமக்களை அனுமதிக்கின்றன.

யார் நடத்தும் இடம் என்று அறிந்துகொள்ளுங்கள்

டிக்கெட், கார் நிறுத்தும் கட்டணம், திறக்கும் நேரம் எல்லாமே இடத்தை நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்தவை. 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட்தான் இவற்றுள் பெரியது. ஓக் மரத்தின் இலைக்கொத்து அதன் சின்னம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றிலும் அதற்கு இடங்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு. இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அறக்கட்டளை 400க்கும் மேற்பட்ட இடங்களைக் கவனிக்கிறது. இடிந்த கோட்டைகளும் மடங்களும் அதில் மிகுதி என்றாலும், ஆட்லி எண்ட், ஆஸ்பர்ன் ஹவுஸ், ரெஸ்ட் பார்க் போன்ற சிறந்த மாளிகைகளும் உண்டு. தனியார் குடும்பங்களின் மாளிகைகள் 1973இல் அமைந்த ஹிஸ்டாரிக் ஹவுசஸ் என்ற சங்கத்தில் சேர்ந்திருக்கின்றன. தோட்டம் மட்டுமே போதும் என்பவர்களுக்கு ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. லண்டனுக்கு அருகில் உள்ளது சர்ரேயிலுள்ள விஸ்லி.

ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகிவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். என் கருத்து இது: முதல் இரண்டு முறை தனி டிக்கெட்டில் போய்ப் பாருங்கள். பிறகு வரைபடத்தை விரித்து, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் எந்த அமைப்புக்கு அதிக இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து அதில் சேருங்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை போகும் குடும்பத்துக்கு நேஷனல் டிரஸ்ட் சந்தா கட்டுபடியாகும். அதன் பெரும்பாலான கார் நிறுத்துமிடங்களிலும் உறுப்பினர்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய அனுகூலம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே டிக்கெட் வேண்டாம். ஊரிலிருந்து சில வாரங்களுக்கு மட்டும் வரும் பெற்றோருக்கு ஆண்டுச் சந்தா தேவையில்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே குறுகிய காலச் சீட்டுகளை இந்த அமைப்புகள் விற்கின்றன. வருவதற்கு முன்பே இணையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பலமுறை கேட்கப்படும் சொல் கிஃப்ட் எய்ட். நீங்கள் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவராக இருந்து சம்மதித்தால், நீங்கள் நன்கொடையாகத் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்னியை அரசிடமிருந்து அந்த அறக்கட்டளை பெற்றுக்கொள்ள முடியும். பல இடங்களில் கிஃப்ட் எய்ட் டிக்கெட் சாதாரண டிக்கெட்டைவிடச் சற்று அதிக விலையில் இருக்கும். அது விருப்பத்தின்பேரில் தருவதுதான். வரி கட்டாத மாணவர்களும் விருந்தினர்களும் சாதாரண டிக்கெட் போதும் என்று தயங்காமல் சொல்லலாம்.

செலவே இல்லாமல் பார்க்கவும் வழி உண்டு. செப்டம்பர் மாதத்தில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் என்ற பெயரில் பல இடங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். 1927இல் தொடங்கிய நேஷனல் கார்டன் ஸ்கீம் வழியாகத் தனியார் வீட்டுத் தோட்டங்களைச் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். அந்தப் பணம் செவிலியர் சேவைக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கும் போகிறது. வீட்டுக்காரரே வாசலில் நின்று வரவேற்று, எந்தச் செடியை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று சொல்லும் அனுபவத்தைப் பெரிய மாளிகைகளில் பெற முடியாது.

மாளிகையின் புகழைப் பார்க்காமல் பருவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். பெயர் பெற்ற மாளிகை எது என்று தேடி, அதன் தோட்டம் வெறுமையாக இருக்கும் மாதத்தில் போய் நிற்கிறார்கள். மாதத்தை முதலில் பாருங்கள். இடத்தைப் பிறகு பாருங்கள்.

ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் ஸ்னோடிராப் என்னும் சிறு வெண்பூக்கள் தரையை மூடும். கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஆங்கிள்சி ஆபி இதற்குச் சிறந்தது. அங்குள்ள குளிர்காலத் தோட்டத்தின் கோடியில் வெள்ளிப்பட்டை போர்த்த இமாலய பிர்ச் மரங்கள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்தால், இலையே இல்லாத மாதத்திலும் ஒரு தோட்டம் எப்படி அழகாக இருக்க முடியும் என்பது விளங்கும். மார்ச்சில் டாஃபடில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே முதல் வாரம்வரை காட்டுக்குள் புளூபெல் நீலக்கம்பளமாகப் பூக்கும். கென்டிலுள்ள எம்மெட்ஸ் தோட்டத்துக்கு அந்த நாட்களில் போகலாம். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கி அந்தப் பூக்களுக்குள் உட்காரக் கூடாது. மிதிபட்ட செடி மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். மே மாதம் ரோடோடென்ட்ரான், ஜூன் ரோஜா. ஹாம்ப்ஷரில் மாட்டிஸ்ஃபான்ட் என்ற இடத்தில், மதில் சூழ்ந்த பழைய காய்கறித் தோட்டத்துக்குள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழமையான ரோஜா வகைகளைத் திரட்டி வளர்க்கிறார்கள். ஜூன் மாதத்தின் சில வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஜூலை, ஆகஸ்டில் பூப்பாத்திகள் நிறைந்திருந்தாலும் பள்ளி விடுமுறைக் கூட்டமும் நிறைந்திருக்கும். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது கிழக்கு சஸ்ஸெக்ஸின் ஷெஃபீல்ட் பார்க்கில் ஏரிநீரில் சிவப்பும் பொன்னும் இரட்டிப்பாகத் தெரியும்.

நவம்பர் முதல் மார்ச்வரை பல மாளிகைகளின் உட்புறத்தைப் பூட்டிவிடுவார்கள். நாற்காலிகளுக்கு உறை போட்டு, சரவிளக்குகளை மூடி, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டும் காலம் அது. தோட்டம் மட்டும் திறந்திருக்கும்.

போய்ச் சேர்வது

காரில் போகிறவர்கள் அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். எஸ்டேட் பெரியது என்பதால் வழிகாட்டிச் செயலி உங்களைப் பின்புறத்துப் பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். ஐந்தாறு மைல் தூரத்துக்கு முன்பிருந்தே வரும் பழுப்புநிற வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றுங்கள். கைப்பேசிக் குறியலை பல இடங்களில் கிடைக்காது. டிக்கெட்டையும் வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் காலையில் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம், ஏனென்றால் பலத்த காற்று வீசும் நாட்களில் பழைய மரங்கள் விழும் அபாயம் கருதித் தோட்டத்தையே மூடிவிடுவார்கள்.

கார் இல்லாதவர்கள் ரயில் நிலையத்தை ஒட்டிய இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஹாட்ஃபீல்ட் ஹவுஸ் வாசல் ஹாட்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. முதலாம் எலிசபெத் தாம் அரசியான செய்தியை 1558இல் கேட்டது அந்தத் தோட்டத்து வளாகத்தில்தான். கென்டிலுள்ள நோல் மாளிகைக்குச் செவனோக்ஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கே மான்கள் மனிதருக்கு அருகிலேயே மேயும். அவற்றுக்கு உணவு கொடுக்காதீர்கள். ஜூன் வாக்கில் குட்டி போடும் பருவத்திலும் அக்டோபர் இணைசேரும் பருவத்திலும் நன்றாக விலகியே நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப்புறப் பேருந்து ஓடாமலே இருக்கலாம், ஆகையால் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு போகும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

ஒரு நாளை எப்படிச் செலவிடுவது: ஸ்டவர்ஹெட்

வில்ட்ஷரிலுள்ள ஸ்டவர்ஹெட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாளைப் படிப்படியாகச் சொல்கிறேன். லண்டனிலிருந்து ஏ303 சாலையில் போகும்போது ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் சாலையோரத்திலேயே தெரியும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற ஆசை எழும். விட்டுவிடுங்கள். ரயிலில் போவதானால் இறங்க வேண்டிய இடம் டார்செட்டிலுள்ள கில்லிங்கம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் கென்டில் இன்னோர் ஊர் உண்டு. அதை ஜில்லிங்கம் என்று உச்சரிப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போது மாவட்டத்தைச் சரிபாருங்கள். நிலையத்திலிருந்து ஏழு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு டாக்சியை முன்பதிவு செய்ய வேண்டும்.

காலையில் தோட்டம் திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழைந்து, மாளிகையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சமும் அமைதியும் தோட்டத்துக்கு உரியவை. பெருங்கூட்டம் பதினொன்றரைக்கு மேல்தான் வரும்.

இந்தத் தோட்டத்தை அமைத்தவர் இரண்டாம் ஹென்றி ஹோர், லண்டன் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1740களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உழைத்து, ஸ்டவர் ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கில் அணை கட்டி ஏரியாக்கி, கரையைச் சுற்றி ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கோயில்களை எழுப்பினார். பூஜை நடக்கும் கோயில்கள் அல்ல. ரோமானிய இலக்கியத்தை நினைவூட்டுவதற்காகக் கட்டிய மண்டபங்கள். மாளிகையிலிருந்து இறங்கி, ஏரி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். நாம் கோயிலை வலம்வரும் திசைக்கு இது நேர் எதிர். ஆனால் காட்சிகள் இந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

நடக்க நடக்க, எதிர்க்கரையிலுள்ள பேன்தியன் என்ற வட்டமாடக் கட்டடம் மரங்களுக்கிடையே தெரியும். பாதை வளையும்போது மறைந்துவிடும். மறந்திருக்கும் நேரத்தில் இன்னும் பெரிதாகக் கண்முன் வரும். மேற்குக்கரையில் ஒரு குகை இருக்கிறது. படிகள் ஈரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயுள்ள மாற்றுப் பாதையில் போகலாம். உள்ளே இறங்கினால் முதலில் கண் தெரியாது. சற்று நின்றால் தண்ணீர் வழியும் சத்தம் கேட்கும். பிறகு அந்தச் சுனைநீருக்குமேல் படுத்துறங்கும் வெள்ளை நங்கையின் உருவம் புலப்படும். அவளுக்கு எதிரே சுவரில் சீரற்ற வடிவில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். அதன் வழியே குனிந்து பார்த்தால் ஏரி கண்மட்டத்தில் பளபளக்க, அக்கரையின் பாலம் ஒரு சட்டத்துக்குள் மாட்டிய ஓவியமாகத் தெரியும். இருட்டுக்குள் நிற்கவைத்து வெளிச்சத்தைக் காட்டும் இந்த உத்தி, கருவறை இருளில் தீபம் காட்டும் மரபை அறிந்த நமக்கு உடனே பிடிபடும். அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள்.

ஏரியைச் சுற்றிவர, உட்கார்ந்து எழுந்து நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அப்பல்லோ கோயில் மேட்டின்மேல் இருக்கிறது, ஏற்றம் செங்குத்தானது. அதன் பிறகு சாப்பாடு, பிறகு மாளிகை. 1902இல் நடுப்பகுதி தீப்பிடித்து எரிந்தபோது ஓவியங்களையும் மேசை நாற்காலிகளையும் புல்தரைக்குத் தூக்கிவந்து காப்பாற்றினார்கள். நூலக அறையில் இளைய தாமஸ் சிப்பென்டேல் செய்துகொடுத்த மரச்சாமான்களைக் கவனியுங்கள். ஒரே மகன் ஹாரி 1917இல் போரில் பட்ட காயத்தால் இறந்துபோனதால் வாரிசில்லாத, அதே ஹோர் குடும்பத்தின் பிற்காலத் தலைமுறையைச் சேர்ந்த சர் ஹென்றி ஹோர் 1946இல் மாளிகையையும் தோட்டத்தையும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். மறு ஆண்டே அவரும் மனைவியும் ஒரே நாளில் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த அறைகளில் நடப்பதற்கும் தெரியாமல் நடப்பதற்கும் வேறுபாடு உண்டு.

மாளிகைக்குள் நடந்துகொள்ளும் முறை

முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், அல்லது வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். குழந்தைகளின் தள்ளுவண்டியைப் பல மாளிகைகளில் உள்ளே விடமாட்டார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் தூளியை இரவல் கேட்டால் தருவார்கள். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. கூர்முனைக் குதிகால் செருப்பு பழைய மரத்தரையைக் குத்திக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிருங்கள். சில நாற்காலிகளின் மேல் டீஸல் என்னும் செடியின் முள்நிறைந்த உலர்ந்த பூவோ பைன் காயோ வைத்திருப்பார்கள். உட்காரக் கூடாது என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக அவர்கள் கையாளும் மென்மையான மொழி அது. எதுவும் வைக்காத, அறைக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் எளிய நாற்காலிகளில் நீங்கள் உட்காரலாம், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அறைகள் ஏன் இப்படி இருட்டாக இருக்கின்றன என்று பலர் குறைப்படுவார்கள். ஜன்னல் திரையை இறக்கி, உள்ளே வரும் வெளிச்சத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். பட்டும் சாயமும் வெளிச்சத்தால் வெளுத்தால் மீட்கவே முடியாது. பட்டுச்சேலையை நிழலில் உலர்த்தும் வழக்கமுள்ள நாம் இதை எளிதில் புரிந்துகொள்வோம். கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஒவ்வோர் அறையிலும் பெயர்ப்பட்டை அணிந்த ஒருவர் நிற்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். சம்பளம் வாங்காமல், அந்த அறையை நேசித்து வருபவர்கள். காவலர் என்று எண்ணி நம்மில் பலர் அவர்களைத் தவிர்த்துவிட்டுப் போகிறோம். "இந்த அறையில் உங்களுக்குப் பிடித்த பொருள் எது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் தனியாகப் பார்த்திருந்தால் கடந்துபோயிருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள்.

விருந்தறைகளில் கால் வலிக்க நின்றுவிட்டுச் சமையற்கட்டைத் தவறவிடாதீர்கள். பெட்வொர்த்தின் சமையற்கட்டில் செப்புப் பாத்திரங்கள் அலமாரி அலமாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் செப்புப் பாத்திரங்களின் உட்புறத்துக்கு நம் ஊரில் செய்ததைப்போலவே ஈயம் பூசித்தான் சமைத்தார்கள். தேய்ந்தால் மறுபடி பூசினார்கள். வயதானவர்களோடு போனால் இந்த அறையில்தான் பேச்சு தொடங்கும்.

நம்முடைய கடற்கரையிலிருந்து போனவை

தமிழர்கள் இந்த மாளிகைகளில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. படுக்கையறைகளில் கொடியும் பூவும் தீட்டிய பழைய பருத்தித் திரை கண்டால் அது எங்கே நெய்தது என்று கேளுங்கள். சோழமண்டலக் கரையில் கையால் தீட்டிச் சாயமேற்றிய சீட்டித்துணியாக அது இருக்கக்கூடும். உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் 1721 முதல் 1774 வரை இத்தகைய துணிகளைப் பயன்படுத்துவதையே இங்கிலாந்தில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தந்தம் இழைத்த நாற்காலிகளும் பெட்டிகளும் விசாகப்பட்டினத்துத் தச்சர்கள் செய்தவையாக இருக்கலாம்.

சில மாளிகைகளின் கற்களே இந்தியப் பணத்தால் எழுந்தவை. பெர்க்‌ஷரின் பேசில்டன் பார்க்கைக் கட்டிய ஃபிரான்சிஸ் சைக்ஸ் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதவியில் பொருள் சேர்த்தவர். சர்ரேயிலுள்ள கிளேர்மான்ட், 1744இல் சென்னைக்கு எழுத்தராக வந்து 1751இல் ஆர்க்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ் பின்னாளில் வாங்கிய எஸ்டேட். அவர் கட்டிய மாளிகை இன்று பள்ளிக்கூடமாக இருப்பதால் உள்ளே போக முடியாது. ஏரியும் புல்லால் அமைந்த அரைவட்டப் படிக்கட்டும் உள்ள தோட்டத்தை மட்டும் நேஷனல் டிரஸ்ட் காட்டுகிறது. எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் போக முடிந்தால் பொவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. அந்தக் கோட்டைக்கு உரிய குடும்பத்தில் பெண்ணெடுத்த கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர்; 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்ததும் அதே ஆண்டு கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவர் பதவிக்காலத்தில்தான். டிரஸ்ட் தன் மாளிகைகளுக்கும் காலனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆகவே இவற்றைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு இந்த வரலாற்றை அந்தப் பொருளின் முன் நிறுத்திவைத்துச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சாப்பாடு, உடை, உடன் வருபவர்கள்

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். புல்வெளியிலும் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மேசைகளிலும் சாப்பிட அனுமதி உண்டு. அளந்து போட்ட பூந்தோட்டத்துக்குள் பெரும்பாலும் இல்லை. அடுப்பு மூட்டக் கூடாது. இலையையும் டப்பாவையும் வீட்டுக்கே எடுத்துச்செல்லப் பை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பழைய குதிரை லாயத்தில் நடக்கும் தேநீரகத்தில் ஒருமுறையாவது ஸ்கோன் என்னும் சிறு ரொட்டியும் ஜாமும் கெட்டியான கிளாட்டட் கிரீமும் வாங்கிச் சாப்பிடுங்கள். டெவன்காரர்கள் முதலில் கிரீமையும் கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாமையும் தடவுவார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் ஸ்கோனில் முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கோடையிலும் மழைச்சட்டை வேண்டும். சேலையில் வரும் அம்மாக்களுக்கு நல்ல பிடிப்புள்ள காலணியும் காலுறையும் வாங்கிக்கொடுங்கள். புல் காலையில் ஈரமாகவே இருக்கும். நடக்க இயலாதவர்களுக்குப் பல இடங்களில் சக்கர நாற்காலியும் மேடுபள்ளத்தில் ஓடும் மின்வண்டியும் இரவலாகக் கிடைக்கும், ஆனால் மின்வண்டியைப் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வருபவருக்கு நேஷனல் டிரஸ்டிலும் வேறு பல இடங்களிலும் கட்டணமில்லை.

கிளம்பும் நேரம்

கார் நிறுத்துமிடத்தின் வாசலைப் பூட்டும் நேரம் நுழைவிடத்துப் பலகையில் எழுதியிருக்கும். காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். பேருந்துகளில் வந்த கூட்டம் நான்கு மணிக்குப் போய்விடும். தோட்டத்துப் பெஞ்சுகள் பலவற்றில் சிறு பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். அந்த இடத்தை விரும்பிய ஒருவரின் பெயரும் ஆண்டுகளும் அதில் இருக்கும். அம்மா அடுத்த முறை வந்தபோது ஸ்டவர்ஹெட்டில் பாலத்துக்கு அருகே அப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தகட்டை விரலால் தடவிப் பெயரை என்னைப் படிக்கச் சொன்னார். மூடும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து நடந்தால் போதும். கார் நிறுத்துமிடம்வரை சற்று ஏற்றம்.